சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களும் குடியிருப்பு விளையாட்டுத் திடல்களும்

சிங்கப்பூரில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டைகள் பலவற்றில், வீட்டிலிருந்து நடந்தே போகும் தொலைவில் இரண்டு பொது இடங்களைக் காணலாம். ஒன்று, பல சிறு சமையல் கடைகள் ஒரே கூரையின் கீழ் இயங்கும் உணவங்காடி நிலையம். மற்றொன்று, சிறுவர் விளையாட்டுத் திடல். முன்னது பசிக்கும் பின்னது பொழுதுபோக்கிற்கும் உரியதாகத் தோன்றினாலும் இரண்டின் வரலாறும் ஒரே இடத்தில், அதாவது நெரிசலான பழைய நகரத்தின் தெருவில் தொடங்குகிறது. ஒரு காலத்தில் சமையலும் விளையாட்டும் தெருவிலேயே நடந்தன. ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில், ஒரே நகரத் திட்டமிடலின் பகுதியாக, இரண்டும் தெருவிலிருந்து அகற்றப்பட்டு அவற்றிற்கெனத் தனி இடம் பெற்றன. அந்த இடமாற்றத்தில் மக்கள் அடைந்தவையும் இழந்தவையும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பழைய நகரத்தின் தெரு

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் ஒரு துறைமுக நகரம். சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பமின்றித் தனியாக வந்த ஆண்கள். கடைவீடுகளின் மேல்மாடிகளில் சிறு சிறு தடுப்பறைகளில் பலர் சேர்ந்து தங்கினர். அங்கே அடுப்பு மூட்டவும் வசதியில்லை, சமைக்க நேரமும் இல்லை. ஆகவே அவர்கள் தெருவில் விற்ற உணவையே நம்பியிருந்தனர்.

விற்றவர்களும் அவர்களைப் போன்ற எளியவர்களே. பெரிய முதல் தேவைப்படாத தொழில் அது. சீன வணிகர்கள் தோளில் ஒரு தடியைச் சுமந்து, அதன் ஒரு முனையில் அடுப்பையும் மறு முனையில் பாத்திரங்களையும் தொங்கவிட்டுக் கொண்டு வந்தனர். தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது காவடியை நினைவூட்டும். மீ விற்பவரின் உதவியாளாக வந்த சிறுவன் இரண்டு மூங்கில் துண்டுகளைத் தட்டி ஒலி எழுப்பி வருகையை அறிவித்தான். அந்த ஒலியாலேயே அவ்வுணவு ‘டோக் டோக் மீ’ எனப் பெயர் பெற்றது. இந்திய வணிகர்கள் தலையில் தட்டைச் சுமந்து கடலையும் பயறும் விற்றனர். இது ‘கச்சாங் பூத்தே’ என்ற மலாய்ப் பெயரால் அறியப்பட்டது. நம் இடியாப்பம் ‘புட்டு மாயம்’ என்ற பெயரில் தேங்காய்த் துருவலுடனும் சர்க்கரையுடனும் விற்கப்பட்டது. இஞ்சித் தேநீர் விற்ற இந்திய முஸ்லிம்களின் கடைகள் ‘சராபாட்’ கடைகள் எனப்பட்டன. சீனர்களின் மஞ்சள் நூடல்ஸைத் தங்கள் மசாலாவில் வதக்கி அவர்கள் உருவாக்கிய மீ கோரெங் இன்றும் இந்திய முஸ்லிம் கடைகளின் அடையாள உணவாக இருக்கிறது.

இதே தெருவே சிறுவர்களின் ஆடுகளமாகவும் இருந்தது. 1822 ஆம் ஆண்டு நகரத் திட்ட ஆணைகளில், கட்டடங்களின் முன்புறம் கூரையுள்ள தொடர் நடைபாதை இருக்க வேண்டும் என ராஃபிள்ஸ் வலியுறுத்தினார். பின்னர் ‘ஐந்தடிப் பாதை’ எனப்பட்ட இந்த நடைபாதையும் பின்சந்துகளும் கம்பத்து வெளிகளும் பிள்ளைகளுக்கு விளையாட இடம் தந்தன. கோலி, பம்பரம், சிறு துணிப்பைகளால் ஆடும் ஐந்து கல், இறகுப் பந்தைக் காலால் தட்டும் சாப்தே, ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கித் தாண்டும் ஆட்டம் ஆகியவை இன வேறுபாடின்றி ஆடப்பட்டன. தமிழில் கோலி என்பதை மலாய்ப் பிள்ளைகள் ‘கூலி’ என்றனர். ஆட்டத்திற்குத் தேவையான பொருள்கள் எல்லாம் வீட்டிலோ தெருவிலோ கிடைப்பவையே.

தொல்லையா, தேவையா?

தெரு உணவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. குழாய்நீர் வசதி இல்லாததால் வணிகர்கள் ஒரே வாளி நீரில் நாள் முழுவதும் கிண்ணங்களைக் கழுவினர். மிச்சம் மீதியும் எண்ணெயும் சாக்கடைக்குச் சென்றன. ஈயும் எலியும் பெருகின. குடற்காய்ச்சலும் வாந்திபேதியும் பரவியபோதெல்லாம் அதிகாரிகளின் பார்வை தெருக் கடைகளின் மேல் விழுந்தது. போக்குவரத்து இடைஞ்சல் என்பது மற்றொரு குறை.

1931 இல் குடியேற்ற அரசு இச்சிக்கலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. பின்னர் 1950 இல் அமைந்த அங்காடிக்காரர் விசாரணைக் குழு இதை மேலும் விரிவாக ஆராய்ந்தது. தெரு வணிகர்களை அகற்றப்பட வேண்டிய ஒரு தொல்லையாக மட்டுமே அதிகாரிகள் காணும் போக்கை அக்குழு சுட்டிக்காட்டியது. மலிவான உணவு ஏழைத் தொழிலாளிக்குத் தேவை. வேறு வேலை கிடைக்காதவருக்கு இத்தொழில் வாழ்வாதாரம். இந்த இரு உண்மைகளையும் ஒதுக்கிவிட்டு எந்தத் தீர்வும் நிலைக்காது என்பதே அதன் பார்வையாக இருந்தது. உணவை அழிக்காமல் இடத்தை மாற்றலாம் என்ற பிற்காலக் கொள்கைக்கு இது ஒரு தொடக்கம் எனலாம்.

உரிமமும் கூரையும்

1959 இல் சிங்கப்பூர் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றது. 1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. இது சுருக்கமாக வீவக எனப்படுகிறது. அடுத்த ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் ஏற்பட்ட பெருந்தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அடுக்குமாடி வீடுகளை விரைந்து கட்ட வேண்டிய அவசரத்தை அத்தீ நாட்டுக்கு உணர்த்தியது. மக்கள் புது நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்கள் உணவு வாங்கும் இடத்தையும் அவர்களுடைய பிள்ளைகள் ஆடும் இடத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

1968, 1969 ஆம் ஆண்டுகளில் தீவு முழுவதும் தெரு வணிகர்கள் பதிவு செய்யப்பட்டனர். ஏறத்தாழ 18,000 பேருக்குத் தற்காலிக உரிமம் வழங்கப்பட்டது. 1971 இல் உணவங்காடி நிலையங்களைக் கட்டும் பெருந்திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு கடைக்கும் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு, ஓர் எண் ஆகியவை கிடைத்தன. பல நிலையங்களில் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தையும் சமைத்த உணவுக் கடைகளும் ஒரே கட்டடத்தில் அமைந்தன. 1977 இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த சிங்கப்பூர் ஆற்றுத் தூய்மைப் பணியும் இதனுடன் இணைந்தது. ஆற்றுப் படுகையில் தொழில் செய்த ஏறத்தாழ 5,000 தெரு வணிகர்கள் நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். 1986 இல் இடமாற்றப் பணி நிறைவு பெற்றது. தெருவிலிருந்து வந்தவர்களுக்கு வாடகையில் சலுகை தரப்பட்டது. இந்தச் சலுகையால்தான் நிலையத்திற்குள் வந்த பிறகும் உணவின் விலை எளியோருக்கு எட்டுவதாக இருந்தது.

தேக்கா: ஒரு சந்தையின் பெயர் மாற்றங்கள்

இந்த இடமாற்றத்தைத் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் இடத்தின் வழியாகப் புரிந்துகொள்ளலாம். சிராங்கூன் சாலையும் புக்கித் தீமா சாலையும் சந்திக்கும் இடம் முற்காலத்தில் கால்நடைத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கெர்பாவ்’ என்ற பெயர் அதனால் வந்தது. அங்கே ஆற்றோரம் மூங்கில் வளர்ந்ததால் ஹொக்கியன் சீனர்கள் ‘மூங்கிலடி’ எனப் பொருள்படும் சொல்லால் அவ்விடத்தை அழைத்தனர். அதுவே மக்கள் வாயில் ‘தேக்கா’ ஆயிற்று.

பழைய சந்தைக்கு எதிர்ப்புறத்தில் 1982 இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது அதற்கு ‘சூச்சியாவ் நிலையம்’ என்ற மாண்டரின் உச்சரிப்புப் பெயர் இடப்பட்டது. பொருள் பழைய ‘மூங்கிலடி’தான். ஆனால் ஹொக்கியன் பேசியவர்களுக்கும் தமிழர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் அது அந்நியமாகவே ஒலித்தது. அதிகாரப் பெயர் பலகையில் இருந்தது. மக்கள் தேக்கா என்றே சொல்லி வந்தனர். 2000 ஆம் ஆண்டில் பெயர் ‘தேக்கா நிலையம்’ என மாற்றப்பட்டது. கட்டடத்தை அரசு கட்டினாலும் அதற்கு உயிர் தருவது மக்களின் பழக்கமே என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. இன்றும் அங்கே தோசையும் பிரியாணியும் புரோட்டாவும் சீன உணவும் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கின்றன. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் வாங்க வருபவர்கள் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களை நிறைக்கின்றனர்.

மணலில் எழுந்த டிராகன்

தொடக்கக் காலக் குடியிருப்புகளில் ஊஞ்சல், சறுக்குமரம், ஏற்றப்பலகை ஆகிய வழக்கமான கருவிகளே இருந்தன. 1970களில் இந்நிலை மாறியது. வீவகவில் பணியாற்றிய வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உள்ளூர்ப் பண்பாட்டிலிருந்து உருவங்களை எடுத்துத் திடல்களை வடிவமைத்தார். அவற்றுள் புகழ் பெற்றது 1979 இல் உருவான டிராகன் வடிவம். டிராகனின் தலை சிமெண்டாலும் சிறு ஓடுகளாலும் ஆனது. உடல், இரும்பு வளையங்களால் ஆன எலும்புக்கூடு போன்றது. தலைக்குள் ஏறி, சறுக்கி, கீழே மணலில் விழலாம். தோ பாயோ லோரோங் 6 இல் உள்ள செம்மஞ்சள் நிறத் தலை கொண்ட டிராகன் இன்று நாட்டின் அடையாளங்களுள் ஒன்றாகப் படங்களில் இடம்பெறுகிறது.

டிராகனைத் தொடர்ந்து புறா, கூழைக்கடா, யானை முதலிய உருவங்கள் எழுந்தன. தெம்பனிஸ் வட்டாரத்தில் தர்ப்பூசணித் துண்டும் மங்குஸ்தான் பழமும் விளையாட்டுத் திடல்களாயின. புதிதாகக் குடிவந்த ஒரு பிள்ளைக்கு எல்லாக் கட்டடங்களும் ஒன்றுபோலத் தெரியும். ‘எங்கள் வீடு புறாவுக்கு எதிரே’ என்று சொல்ல முடிந்தால் அந்த இடம் சொந்த ஊராகிவிடும். ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவே, இது எங்கள் இடம் என்று காட்டும் அடையாளங்களாக இந்த உருவங்கள் பயன்பட்டன.

1990களில் மற்றொரு மாற்றம் வந்தது. மணலில் பூனை, நாய்களின் கழிவும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் கலந்து கிடப்பதாகக் குறைகள் எழுந்தன. கடினமான சிமெண்ட் தரையிலும் ஓடுகளிலும் விழுந்தால் காயம் படும் என்ற அச்சமும் இருந்தது. மணலுக்குப் பதில் ரப்பர்த் தரை விரிக்கப்பட்டது. இறக்குமதியான நெகிழிக் கருவிகள் வந்தன. பராமரிப்பு எளிதாயிற்று, காயங்களைப் பற்றிய கவலையும் குறைந்தது. அதே நேரத்தில் ஒரு பேட்டையின் திடலுக்கும் அடுத்த பேட்டையின் திடலுக்கும் வேறுபாடு காண்பது அரிதாயிற்று. பழைய திடல்களில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன.

எழுதப்படாத விதிகள்

இவ்விரு இடங்களையும் பயன்படுத்தும் முறை எந்தச் சட்ட நூலிலும் முழுமையாக இல்லை. அது பார்த்துப் பழகிக் கற்கும் அறிவு. புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும் சில:

இருக்கை பிடித்தல்: மேசை மேல் ஒரு தாள் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் இருந்தால் அந்த இடத்தை ஒருவர் பிடித்து வைத்துவிட்டு உணவு வாங்கப் போயிருக்கிறார் என்று பொருள். இதைச் ‘சோப்’ செய்தல் என்பர். இதற்குச் சட்ட வலிமை இல்லை. ஆனாலும் பெரும்பாலோர் மதிக்கின்றனர். மேசையில் காலியிடம் இருந்தால் கேட்டுவிட்டு அறிமுகமில்லாதவருடன் அமர்வது இயல்பு.

பானம் கேட்டல்: ‘கோப்பி’ என்றால் கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாதது. ‘கோப்பி சி’ என்றால் இனிப்பற்ற ஆவியாக்கிய பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. கடைசியில் ‘கொசோங்’ சேர்த்தால் சர்க்கரை வேண்டாம் என்றும் ‘பெங்’ சேர்த்தால் ஐஸ் வேண்டும் என்றும் பொருள். தேநீருக்குக் ‘கோப்பி’ இருக்கும் இடத்தில் ‘தே’ என்றால் போதும். ஹொக்கியனும் மலாயும் ஒரே குவளைக்குள் கலந்துவிட்ட மொழி இது.

கடையைத் தேர்தல்: 1997 முதல் பல ஆண்டுகள் கடைகளில் ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான தர எழுத்து தொங்கியது. அது தூய்மைக்குரிய மதிப்பெண், சுவைக்கு உரியதன்று. சுவையை அறிய மக்கள் பார்ப்பது வரிசையின் நீளத்தையே. அதிலும் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நிற்கும் வரிசை நம்பத்தகுந்தது. காலை உணவுக் கடைகள் மதியத்திற்குள் மூடிவிடுவதும் உண்டு. துப்புரவுப் பணிக்காக நிலையமே மூடப்படும் நாள்களை முன்கூட்டி அறிவிப்பார்கள்.

தட்டைத் திருப்புதல்: சாப்பிட்ட தட்டை உரிய அடுக்கில் தாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது. ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு. அதைக் கவனித்து வைப்பது அண்டை அயலாருக்குச் செய்யும் மரியாதை.

திடலில்: கருவிகளுக்கு அருகில் எந்த வயதினருக்கு உரியவை என்ற பலகை இருக்கும். நண்பகலில் ரப்பர்த் தரையும் சறுக்குமரமும் சுடும். மழைக்குப் பின் வழுக்கும். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகே திடல் களைகட்டும். பிள்ளைகள் ஆடும்போது தாத்தா பாட்டிகள் பக்கத்து இருக்கைகளிலோ கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்திலோ அமர்ந்து பேசுவார்கள். வட்டாரச் செய்திகள் கைமாறுவது அங்கேதான்.

ஒரே நேரத்தில் வெறிச்சோடிய இரு இடங்கள்

இவ்விரு இடங்களின் உறவு 2020 இல் வெளிப்படையாகத் தெரிந்தது. கொரோனா பரவலைத் தடுக்க அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. உணவங்காடி நிலையங்களில் வாங்கிச் செல்லலாம். அமர்ந்து உண்ணக் கூடாது. விளையாட்டுத் திடல்களும் மூடப்பட்டன. உணவு கிடைத்தது, வீட்டில் பிள்ளைகளும் விளையாடினர். ஆனாலும் முன்பின் தெரியாத மனிதர்கள் எதிரெதிரே அமரும் மேசையும், பெயர் தெரியாத பிள்ளைகள் சேர்ந்தாடும் திடலும் இல்லாமற்போயின. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மானுடத் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அப்பட்டியலில் சிங்கப்பூர் பெற்ற முதல் இடம் அது. யுனெஸ்கோ ஏற்றது எந்த ஒரு உணவையும் அன்று. பல பண்பாட்டினர் ஒரே இடத்தில் சேர்ந்துண்ணும் பழக்கத்தையே அது மரபாக ஏற்றது.

இன்றைய நிலை

இன்று 110க்கு மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் உள்ளன. 1986 க்குப் பின் நின்றிருந்த கட்டுமானம், 2011 இல் அரசு வெளியிட்ட அறிவிப்பை அடுத்து மீண்டும் தொடங்கியது. 2016 இல் இரு அங்காடிக்காரர்களின் உணவுக் கடைகள் மிச்செலின் நட்சத்திரம் பெற்றன. இவ்வளவு புகழ் இருந்தும் தொழிலின் எதிர்காலம் உறுதியாக இல்லை. அங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டியுள்ளது. விடிவதற்கு முன் எழுந்து, அனல் பறக்கும் சிறு இடத்தில் நாள் முழுவதும் நிற்கும் தொழிலுக்குப் படித்த பிள்ளைகள் வரத் தயங்குகின்றனர். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இந்தத் தொழிலின் வருமானமே என்பதால் இதைக் குறை சொல்லவும் முடியாது. வாடகைச் சலுகை பெற்ற முதல் தலைமுறை ஓய்வு பெறும்போது, அடுத்து வருபவர் ஏலத்தில் கடை எடுக்க வேண்டியுள்ளது. பொருள்களின் விலை ஏறினாலும் உணவு விலை ஏறக் கூடாது என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கின்றனர். ஓய்வு பெறும் மூத்தவரிடம் குடும்பத்தைச் சேராத ஒருவர் தொழில் கற்றுக் கடையை ஏற்கும் திட்டமும் தொடங்கப்பட்டுள்ளது. கைப்பக்குவத்தை எழுதி வைத்துக் கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

திடல்களுக்கும் இதே கேள்வி உண்டு. தோ பாயோ டிராகனைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்கள் மறுமேம்பாட்டிற்காகக் காலி செய்யப்பட்டபோதும் டிராகன் தக்கவைக்கப்பட்டது. 1958 இல் கட்டப்பட்ட டகோட்டா கிரசென்ட் குடியிருப்பிலிருந்து மக்கள் வெளியேறிய பின், அதன் மையத்திலுள்ள ஆறு கட்டடங்களும் புறாத் திடலும் பாதுகாக்கப்படும் என 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்தவர்களும் ஆர்வலர்களும் குரல் கொடுத்ததன் பயன் அது. உருவங்கள் காப்பாற்றப்பட்டன. ஆடுவதற்குப் பிள்ளைகள் வேண்டும். 2023 இல் சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 0.97 ஆகக் குறைந்தது. அது ஒன்றுக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் முறை. கடைக்கு வாரிசு இல்லாமையும் திடலில் ஆரவாரம் குறைவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்றாலும் ஒரே பேட்டையில் ஒருசேரக் காணப்படுகின்றன.

தெருவிலிருந்து நிலையத்திற்கும் திடலுக்கும் வந்த மாற்றம் மக்களுக்குத் தூய நீரையும் நோயற்ற உணவையும் வண்டி மோதாத ஆடுகளத்தையும் தந்தது. அது மறுக்க முடியாத பெரும் நன்மை. தெருவில் இருந்த எளிய உறவுகள் அந்த மாற்றத்தில் அழிந்துவிடவில்லை. மக்கள் அவற்றைத் தங்களோடு எடுத்து வந்து மேசையிலும் மணலிலும் மீண்டும் வளர்த்தனர். கூரையையும் தரையையும் அரசு பழுது பார்க்க முடியும். மேசையில் இடம் கேட்டு அமர்வதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதும் அந்தந்தப் பேட்டையில் வாழ்பவர்கள் நாள்தோறும் செய்து காப்பாற்ற வேண்டியவை.